கருவாட்டுக் கவரில் மாதா

ஜூன் 9, திங்கள்

பயிற்சி கொடுக்க வந்த மேடம், தொழில் செய்கிறவர்கள் தினமும் இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்று சொல்லி, எங்கள் குழுப் பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களுடைய டைரி எல்லாம் இப்போது பிள்ளைகளின் கிறுக்கல் நோட்டு. எழுதுகிறவள் நான் ஒருத்திதான். எஸ்கலின்தான் தலைவி என்று என் பெயருக்குக் கைதூக்கிவிட்டார்கள், எழுதித்தானே ஆக வேண்டும். இதில் கருவாடு விஷயம் மட்டும்தான் எழுதுவேன். குடும்ப விஷயம் எழுத எனக்கு நேரமும் இல்லை, எழுதும்படி குடும்பத்தில் விஷயமும் இல்லை. நானும் இவரும் இரண்டே பேர்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. இவரும் படகு டிரைவர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து என் டப்பாக்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். நெத்திலி கொஞ்சம், சாளை கொஞ்சம், அவ்வளவுதான் சரக்கு.

சிவகாசி பிரஸ்ஸிலிருந்து போன். கவர் ரோல் தீரப் போகிறதே, புது ரோல் அதே டிசைன்தானே என்று கேட்டார்கள். அதேதான் என்றேன். "மாதா துணை கருவாடு" என்று பெயர், கீழே கடல், நடுவில் நீல முக்காட்டோடு மாதா. எங்கள் கடற்கரையில் படகுக்கு மாதா பெயர், ஆட்டோவுக்கு மாதா பெயர், டீக்கடைக்கும் மாதா பெயர். கருவாட்டுக்கு மட்டும் வேறு என்ன வைப்பார்கள்? படம் வரைந்தது முன்பு இந்த வீட்டில் இருந்த ஒருத்தி. நன்றாக வரைவாள்.

ஜூன் 12, வியாழன்

கவரின் பின்பக்கம் "குறைகளுக்குத் தொடர்புகொள்ள" என்று என் செல் நம்பர்தான் போட்டிருக்கிறது. நாலு வருஷத்தில் குறை சொல்லி வந்த போன்கள் எல்லாம் உப்புக் கூடிவிட்டது, எடை குறைகிறது என்று இந்த வகைதான். இன்று வந்தது புது வகை.

"யம்மா, நான் சங்கரன்கோவில்ல இருந்து பேசுதேன். எம்பேரு ஆவுடையம்மா. கருவாடு செய்யுறவியதான?"

ஆமாம் என்றேன். உப்பா என்று கேட்டேன்.

"உப்பெல்லாம் சரியா இருக்கு. மண்ணு இல்ல, வாடை இல்ல, நல்ல சரக்கு. அதுல ஒரு குறையும் இல்ல. குறை கவர்ல."

"கிழிஞ்சு வந்துட்டாம்மா?"

"கிழிஞ்சு வந்தாத்தான் தேவலையே. கிழிக்கத்தான முடியல. அந்த அம்மா படம் போட்டிருக்கியளே, கருவாட்ட எடுத்த பெறவு அந்தக் கவர நான் என்ன செய்ய? குப்பையில போட மனசு வரல. அடுப்புல போட்டா பிளாஸ்டிக்கு, நாத்தம். ஆத்துல விடலாம்னா எங்கூர்ல ஆறே கெடையாது. பூசை செல்ஃபுல வைக்கலாம்னா கருவாட்டு வாடை. நாங்க உங்க சாமி கும்புடுதவிய இல்ல. அதுக்காகத் தூக்கி வீச முடியுமா? ஒரு தாயி முகத்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சீயக்காய் போட்டுத் தேச்சுக் கழுவி, காயவச்சு, ஒரு டிரங்குப் பெட்டியில அடுக்கி வச்சிருக்கேன். பெட்டி மூட முடியல இப்ப. வேற கருவாடு வாங்கலாம்னா வீட்ல இருக்கவ ஒங்க கருவாடுதான் வேணுங்கா. வேற எதுவும் எறங்க மாட்டேங்கு அவளுக்கு. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பவுலினிடம் சொன்னேன். பவுலின் என் கூட்டாளி, வயதில் இளையவள், வாயில் மூத்தவள். நெத்திலியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்.

"சங்கரன்கோவிலா? ஜெனிட்டா போன ஊருதான எக்கா?"

சங்கரன்கோவில் பெரிய ஊர். ஆயிரம் வீடு இருக்கும். நான் காதில் விழாத மாதிரி எடைக்கல்லைத் துடைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆவுடையம்மாள் "கிழிக்க முடியல" என்றது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இன்று எங்கள் பாக்கெட் ஒன்றை எடுத்து, கடையில் வாங்கினவள் மாதிரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எங்களுக்கு எதற்குப் பாக்கெட்? வேண்டுமென்றால் காய்கிற வலையிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போவோம். எட்டுப் பேரில் ஒருத்திகூட எங்கள் கவரை வெட்டினது கிடையாது.

மேலே புள்ளிக் கோடு. ஓரத்தில் குட்டிக் கத்தரிக்கோல் படம். "இங்கே வெட்டவும்." கத்தரியை வைத்தேன். கோடு நேராக மாதாவின் கழுத்தில் போகிறது.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். பவுலின் எட்டிப் பார்த்து, "ஏசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோடு போட்டது பிரஸ்காரர்கள். சரி என்று சொன்னது நான். மாதிரிக் கவர் வந்தபோது பெயரைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், தேதி போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தேன். படம் வரைந்தவள் அப்போது என் தோளில் நாடியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கோட்டை யார் பார்த்தது?

ஜூன் 16, திங்கள்

படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இவரும் போய்விட்டார். வீடு அமைதி. டப்பாக்களை எல்லாம் பழைய இடத்தில் வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

பங்குச் சாமியாரிடம் போனேன். கவரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மந்திரித்த படம் இல்லை, அச்சுப் படம்தான், குப்பையில் போனால் பாவம் இல்லை, கோட்டை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லுங்கள் என்றார். போதுமே. எனக்கு வேண்டியதும் அதுதான். பிரஸ்காரருக்குப் போன் போட்டு, கோட்டை மேலே ஏற்றுங்கள், படம் அப்படியே இருக்கட்டும் என்றேன். கோடு ஏற்ற வேண்டுமென்றால் படத்தைச் சிறிதாக்க வேண்டும், பழைய பிளேட் ஆகாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? படம் இருக்கும். அவ்வளவுதான்.

ஜூன் 23, திங்கள்

மறுபடி ஆவுடையம்மாள்.

சாமியார் சொன்னதை நான் சொல்வதற்கு முன்பே அவர் வேறு கேட்டார். "யம்மா, பால்சுறாக் கருவாடு இருக்கா? கடையில கெடைக்கல. நேரா ஒங்ககிட்டயே கேட்டா கெடைக்கும்னு சொன்னா."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

பால்சுறாக் கருவாட்டை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். இது தெரியாதவள் கருவாடு விற்க லாயக்கில்லை. பிள்ளை பெற்ற வீட்டில்தான் அதைத் தேடுவார்கள், தாய்க்குப் பால் ஊறுவதற்கு. நெத்திலி கேட்டால் குழம்பு, சீலா கேட்டால் விருந்து, பால்சுறா கேட்டால் அந்த வீட்டில் தூளி கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"எப்போ பொறந்துச்சு?" என்று கேட்டேன். குரல் என்னமோ போல வந்தது. சளி.

"எட்டு ஒம்பது நாள் ஆச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. தலப்பிரசவம், தாய் வீட்ல நடக்க வேண்டியது. என்ன செய்ய, நாந்தான் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச மட்டும் பாத்தேன்."

அனுப்பி வைக்கிறேன் என்றேன். பணம் எப்படி அனுப்ப என்று கேட்டார். முதல் தடவை பால்சுறா வாங்குகிறவர்களுக்கு எங்கள் குழுவில் இலவசம் என்று சொன்னேன். அப்படி ஒரு திட்டம் இன்று முதல் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சங்கரன்கோவிலுக்குப் பார்சல் போட்டேன். நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, உப்புக் குறைவாக உள்ளதை வைத்தேன். பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஆடாமல் இருப்பதற்காகப் பேறுகால மருந்துப் பொடி ஒரு டப்பா வைத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேர்த்து நேற்று இடித்தது. இடம் இன்னும் இருந்ததால் பூண்டும் வைத்தேன். பவுலின் பார்த்துக்கொண்டே நின்றாள். "கருவாட்டுக்குத் தொணைக்கா எக்கா?" என்றாள். போய் வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 28, சனி

பார்சல் கிடைத்தது என்று ஆவுடையம்மாள் போன். கருவாட்டைப் புட்டு செய்து கொடுத்தாராம். "பெட்டி ஆடாம இருக்க வச்சிருந்த மருந்து நல்லா இருந்துச்சும்மா" என்றார். நான் அவரிடம் பெட்டி ஆடுவதைப் பற்றிச் சொல்லவே இல்லை. கேட்காமலே எனக்கு ஒரு சாக்கும் எடுத்துக் கொடுக்கிறார், பெரிய மனுஷிதான்.

பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குழந்தை அழுதது. "இந்தா, எடுத்துக்கோட்டி" என்று அந்த அம்மாள் யாரையோ கூப்பிட்டார். "வாறேன் அத்த" என்று ஒரு சத்தம் கேட்டது.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று கருவாடு விஷயம் எதுவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். ஓட்டலுக்குப் பின்னால் குப்பை மேட்டில் நாய் எதையோ காலால் அமுக்கிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. நீல நிறம் தெரிந்தது. எங்கள் கவர்.

ஊர் நாய் என்ன செய்யும், கருவாட்டு வாடைக்கு வந்திருக்கிறது. எனக்கு எப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை, கையிலிருந்த பையால் அதை அடித்து விரட்டினேன். ஓட்டல்காரப் பையன்கள் சிரித்தார்கள். குனிந்து கவரை எடுத்தேன். கோட்டின் மேலேயே வெட்டியிருந்தார்கள், சொன்னபடி. தலை இல்லை. சுற்றிலும் தேடினேன். டீத்தூளுக்குள் கிடந்தது.

இரண்டு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். கழுவிக் காயவைத்த பிறகுதான் ஆவுடையம்மாளின் சங்கடம் முழுசாக விளங்கியது. இப்போது இதை எங்கே வைப்பேன்? குப்பையில் திருப்பிப் போட முடியாது. பீடத்தில் வைக்க முடியாது. கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் தலையணைக்கு அடியில் வைத்தேன். பாவம் இல்லை என்று சாமியார் சொன்னது சரிதான். பாவம் இல்லாததெல்லாம் செய்யக்கூடியதா?

அந்த அம்மாள் எங்கள் கோவிலுக்குள் வந்ததுகூட இருக்காது. எங்கள் மாதாவை அவர் சீயக்காய் போட்டுக் கழுவுகிறார். நாங்கள் வரி வரியாக ஜெபமாலை சொல்லிவிட்டு அவள் கழுத்தில் கோடு போட்டுக் கடைக்கு அனுப்புகிறோம். வெட்கமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் குழுக் கூட்டம். கவரில் படம் வேண்டாம் என்று நான் சொன்னேன். நானா சொல்கிறேன் என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

பவுலின்தான் துள்ளினாள். "மாதாவ எடுத்துட்டா யாருக்கா நம்மளப் பாப்பா? தொடங்கும்போது நம்ம கையில என்ன இருந்துச்சு? அவ முகத்தப் போட்டுத்தான ஏவாரம் ஆச்சு!"

"அவ முகத்தப் போட்டோம். கழுத்தையும் வெட்டச் சொன்னோம்லா."

"கோட்ட மேல ஏத்துவோம்."

"ஏத்துவோம். முழுசாக் குப்பைக்குப் போவா."

நான் கைப்பையிலிருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்து நடுவில் வைத்தேன். பவுலின் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "பேரு இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்கும் தெரியவில்லை. ஆவுடையம்மாளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் குழுவுக்கு இப்போது சங்கரன்கோவிலிலும் ஒரு உறுப்பினர்.

கூட்டம் கலைந்த பிறகு பவுலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எக்கா, அது ஜெனிட்டா வரஞ்சது" என்றாள், எனக்குத் தெரியாத மாதிரி.

ஜூலை 8, செவ்வாய்

பிரஸ்காரருக்குச் சொல்லிவிட்டேன். படம் வேண்டாம். எடை, தேதி, என் நம்பர் போதும், பெயரைப் பிறகு சொல்கிறேன். வெறும் கவரா என்று கேட்டார். வெறும் கவர்தான்.

இனி அந்தப் படம் எந்த ஊர்க் கடையிலும் தொங்காது. இதுவரை எங்கேயாவது ஒரு பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பார்த்து, "இது எங்க வீட்டுச் சரக்கு" என்று யாராவது நின்றிருக்கலாம். இனிமேல் யாருக்கும் தெரியாது. யாருக்கும் என்றால் பொதுவாகச் சொல்கிறேன். தினமும் பாக்கெட் ஒட்டத் தொடங்கும்போது முதல் கவரின் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். மாதாவைத் தொடுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன்.

சமைக்கவில்லை. இவர் கடலிலிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஓட்டலில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

ஜூலை 11, வெள்ளி

ஆவுடையம்மாளுக்கு நானே போன் போட்டேன்.

"வெள்ளிக்கெழம கருவாட்டப் பத்திப் பேச மாட்டேன், நீங்க பேசுங்க, நான் கேக்குதேன்" என்றார்.

படத்தை எடுத்துவிட்டோம் என்றேன். "நான் எதும் தப்பாச் சொல்லிட்டனா? ஒங்க சாமிய எடுக்கச் சொல்லணும்னு சொல்லலையே" என்றார். குரல் இறங்கிவிட்டது. இல்லை, நீங்கள் சொன்னதுதான் சரி, நாங்கள்தான் யோசிக்காமல் போனோம் என்றேன். பெயர் இருக்கலாமா என்று கேட்டேன்.

"பேரு இருக்கட்டும். சாமி பேரு போட்ட பை எத்தனையோ வருது, போவுது. முகம்னு ஒண்ணு இருந்தாத்தான் நம்மளயே பாக்கும்."

பழைய கவர்களை என்ன செய்ய என்று கேட்டார்.

"நாங்க போட்ட படம். நாங்களே வந்து எடுத்துக்கிடுதோம்."

"வெறுங் கவருக்கா இம்புட்டுத் தூரம் வாறிய?"

"கவருக்குத்தான்."

"வாங்க" என்றார். "ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு வாங்க. அன்னைக்கு எல்லாரும் வீட்ல இருப்பாவ. சமச்சு வைக்கேன்."

ஜூலை 19, சனி

நாளைக்குச் சங்கரன்கோவில். கவர் எடுக்க.

கவர்களைச் சுற்றிக்கொண்டு வரத் துணி வேண்டும். பெட்டியிலிருந்து பழைய நூல் சேலைகளை எடுத்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தேன். ரொம்பப் பழைய சேலை, பூப்போல இருக்கும். சிறு உடம்புக்கு உறுத்தாது. கவருக்குச் சொல்கிறேன்.

இவரிடம், கவர் நிறைய இருக்குமாம், தூக்க ஆள் வேண்டும், கூட வருகிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் அவருடைய நல்ல சட்டை ஏற்கெனவே இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இதைச் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் மட்டும் நேற்றே பஸ் ஏறிவிட்டார்.

முதல் பூசை கண்டுவிட்டுக் கிளம்பினோம். கோவில்பட்டி வரை ஒரு பஸ், கழுகுமலை வழியாக இன்னொன்று. இறங்கி வழி கேட்கலாம் என்று நான் ஒரு கடையைப் பார்த்து நின்றேன். இவர் நிற்காமல் நடந்தார். இரண்டாவது தெருவில் திரும்பி, பச்சை கேட் முன்னால் போய் நின்றார். கேட்டின் கொக்கி கொஞ்சம் கோணல், தூக்கித்தான் திறக்க வேண்டும். இவர் தூக்கித் திறந்தார்.

ஆவுடையம்மாள் வாசலுக்கு வந்தார். குரலை வைத்துத் தடியான ஆள் என்று நினைத்திருந்தேன். ஒடிசலாக, நெற்றி நிறையத் திருநீறோடு இருந்தார். "வாங்க, வாங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்தார். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு வழக்கம்போலச் சீனி கம்மியாத்தான?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். கல்யாணம் ஆன காலத்திலிருந்து இந்த மனுஷனுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

"போன் பண்ணும்போதே நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஆவுடையம்மாளிடம் கேட்டேன்.

"தெரியாமயா? ஆனா கவர் வெசயம் பொய் இல்ல, பாத்துக்கோங்க. எம்மவன் சங்கரலிங்கமும் அவளும் ஒரு மாசமா எங்கிட்ட, நீங்க பேசுங்க, நீங்க பேசுங்கன்னு ஒரே பாடு. என்னன்னு பேச? அப்பத்தான் பெட்டி மூட முடியாமப் போச்சு. சரி, இது ஒரு சாக்குன்னு எடுத்தேன்."

சங்கரலிங்கம் வந்து ஓரமாக நின்று, "வாங்க அத்த" என்றான். மாநிறம், பயந்த கண். துறைமுகத்தில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தவன். இவன் கூடத்தான் அவள் போனாள். ரெஜிஸ்தர் ஆபீசிலிருந்து எனக்குப் போன் போட்டாள், நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த போன்களையும் எடுக்கவில்லை. அவனைத் திட்ட ரெண்டு வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்தால் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வாங்கிக் குடித்தேன்.

உள் அறைக் கதவு ஒருக்களித்து இருந்தது. தூளிக் கயிறு தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை. நானும் போகவில்லை. கவர் எடுக்க வந்தவள் அறைக்குள் எதற்குப் போவது?

"கவரைக் குடுங்க" என்றேன்.

ஆவுடையம்மாள் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து திறந்தார். கவர்கள் கட்டுக் கட்டாக, நூல் போட்டுக் கட்டி இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே கோட்டில் கத்தரி படவில்லை. பின்பக்கம் ஒட்டு இருக்கிற இடத்தில் பிளேடால் மேலிருந்து கீழ் வரை மெல்லக் கீறி, கருவாட்டை எடுத்திருக்கிறார்கள். எல்லாக் கவரும் அப்படித்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. வாடையே இல்லை, சீயக்காய் மணம்தான். கொண்டுவந்த துணியை விரித்து ஒவ்வொரு கட்டாக எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

"அதக் கொண்டு போகாத."

அறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். தலையில் துண்டு கட்டி, காதில் பஞ்சு வைத்து, பிள்ளை பெற்றவள் மாதிரி. மாதிரி என்ன, பிள்ளை பெற்றவள்தான்.

"ஏன்?" என்றேன். ரெண்டு வருஷம் கழித்து மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"எங்கிட்ட ஒன் போட்டோ ஒண்ணுகூட இல்லம்மா."

விளங்கவில்லை. கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

"ஒன்னப் பாத்துத்தான் வரஞ்சேன். நீ நெத்திலி காயப்போடும்போது, வெயிலுக்கு முந்தானைய தலையில போட்டுட்டு நிப்பல்லா. அதப் பாத்து. மூக்கு, நாடி, எல்லாம் ஒன்னுதுதான். மச்சத்த மட்டும் விட்டுட்டேன், மாதாவுக்கு எதுக்குன்னு. சொன்னா, எம் மூஞ்சியப் போயி மாதாவுக்கு வச்சியான்னு வெளக்குமாத்த எடுத்துருவன்னு சொல்லல."

ரெண்டு வருஷமாக அந்த முகத்தைத் தினமும் தொட்டிருக்கிறேன். என் மகளைத் தொடுகிறோம் என்று நினைத்துத்தான் தொட்டேன். இவள் இங்கே உட்கார்ந்து என்னைத் தொட்டிருக்கிறாள். வீட்டில் கண்ணாடி பார்க்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் கிடையாது, தெரியாமலே போயிற்று.

ஆவுடையம்மாள் கவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தீ! அப்ப இத்தன நாளும் மதினியவா நான் சீயக்காய் போட்டுத் தேய் தேய்னு தேச்சேன்?"

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். அவளுடைய பழைய சிரிப்பு, மூக்கால் வருகிற சிரிப்பு. அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. முன்பின் தெரியாத வீட்டில், துணியை விரித்துவைத்து, வெட்கம் இல்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சை உடம்புக்காரி தரையில் உட்காரக்கூடாது என்று அழுதுகொண்டே திட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் தோளில் நாடியை வைத்துக்கொண்டாள். ரெண்டு வருஷம் நான் பிடித்த பிடிவாதம் எதற்கென்று நேற்று எனக்கே நினைவுக்கு வரவில்லை.

கவர்களை மறுபடி பெட்டியிலேயே அடுக்கிவிட்டோம். அது ஜெனிட்டாவின் பெட்டி, அவள் என்னவும் செய்துகொள்ளட்டும். துணிகளை ஆவுடையம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கவருக்குக் கொண்டு வந்த துணி இல்லியே மதினி" என்றார். நான் துணியை மடித்து அவர் கையில் வைத்தேன்.

சாப்பிடும்போது, புதுக் கவர் வெறுமையாக இருக்கிறது, வெட்டினாலும் குப்பைக்குப் போனாலும் யார் மனதும் நோகாதபடி ஒரு மீன் வரைந்து கொடு என்றேன்.

"மீனுக்கு யாரப் பாத்து வரைய?" என்றாள்.

"ஒங்கப்பனப் பாத்து வரை. அவருதான ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தாரு."

இவர் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார்.

பேத்தி இப்போது என் மடியில் கிடக்கிறாள். கீழே விட்டால் முகத்தைச் சுளிக்கிறாள். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எழுதுவது நடக்கிற காரியம் இல்லை. நிறுத்துகிறேன்.